உலகம்மாள் பாதியும் செண்பகவல்லி பாதியும்

வன்னிக்குளத்தில் வீடுகள் நடமாடத் தொடங்கியது ஒரு ஆவணி மாதத்தில், அதுவும் நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்துத்தான். தையல்காரர் மாசானத்தின் வீடு, அவர் பெண்டாட்டி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையார் கோயில் தெருவை விட்டுக் கிளம்பி, யாரையும் இடிக்காமல், எந்தச் சத்தமும் போடாமல், வழுக்கிக்கொண்டே போய் நூலகத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் நின்றது. நின்ற பிறகும் கரண்டியில் கடுகு வெடித்துக்கொண்டுதான் இருந்தது. மாசானத்தின் பெண்டாட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னங்க, லைப்ரரி நம்ம வீட்டுப் பக்கத்துல வந்துட்டு" என்றாள். மாசானம் தையல் மிஷினை நிறுத்தாமலே, "வந்தா நல்லதுதான, பேப்பர் படிக்கத் தூரமா போவேண்டாம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் வேறொரு வீடு போனது, அதற்கடுத்த நாள் ஒரு தெருவே போனது, ஊரும் அதற்குத் தக்கபடி தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது.

ஏன் நகர்ந்தது, எது நகர்த்தியது என்று கேட்டால் வன்னிக்குளத்தில் பதில் கிடைக்காது, அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. சிலிண்டர்காரர் தெருப் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு முருங்கைமரம், நீலக் கதவு, குரைக்கிற நாய் என்று அடையாளம் வைத்து வீடு தேடப் பழகினார். பால்காரர் ஊரின் நடுவில் நின்று மணியடித்தார், வீடுகள் அவரைத் தேடி வந்தன. காயப்போட்ட துணி வேறு தெருவுக்குப் போய்விடுகிறது என்பதால் பெண்கள் கொடியை வீட்டுக்குள் கட்டினார்கள். யாருக்காவது அன்று நகர விருப்பமில்லை என்றால், காய்ச்சலோ, விருந்தாளியோ, சும்மா ஒரு சோம்பலோ, வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு "இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்னால் போதும், வீடு மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்துவிடும். வீடுகளுக்கு அவ்வளவு மரியாதை தெரிந்திருந்தது, சில மனுஷர்களைப் போல இல்லை.

இதில் தனிச் சந்தோஷம் யாருக்கென்றால் செண்பகவல்லி டீச்சருக்குத்தான். ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். ஒவ்வொரு வருஷமும் வடிவியல் பாடத்தில் 'சர்வசமம்' என்று கரும்பலகையில் எழுதின மாத்திரத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடும். ஒரு வடிவத்தை நகர்த்தினாலும் சுழற்றினாலும் அதன் நீளமும் கோணமும் மாறாது, இன்னொன்றின் மேல் கொண்டுபோய் வைத்தால் அச்சாகப் பொருந்தினால் இரண்டும் சர்வசமம் என்று தொண்டை வறளச் சொல்லுவாள், பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். இப்போது அவளே ஜன்னலைத் திறந்துவிட்டு, "வெளிய பாருங்கல" என்றாள். வெளியே முடிதிருத்தும் கடை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, உள்ளே பாதி சவரத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கிடந்தார், கத்தி ஒரு மயிரிழை பிசகவில்லை. "நீளம் மாறுச்சா? கோணம் மாறுச்சா? வாசல் எங்க பாக்குதுங்கிறதுதான மாறுச்சு?" பிள்ளைகள் டேப்பை எடுத்துக்கொண்டு ஊரையே அளந்தார்கள், அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் கொட்டாவியே கிடையாது.

நகர்வதோடு நின்றிருந்தால் சரி. ஒரே வடிவமும் ஒரே அளவும் கொண்ட இரண்டு வீடுகள் எதிரெதிரே வந்துவிட்டால், ஒன்று இன்னொன்றின் மேல் போய்ப் படிந்து, சுவரோடு சுவர், கதவோடு கதவு பொருந்தி, ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஒரே வீடாக இருந்துவிட்டுப் பிறகு விலகிப் போகும். அந்த நேரத்துக்கு இரண்டு குடும்பமும் ஒரே கூடத்தில் இருக்கும். முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒரு குடும்பம் சுற்றி நின்றால் எப்படி இருக்கும்? பிறகு அதற்கும் ஒரு முறை வந்தது. வீடு வருவது தெரிந்தால் உள்ளே இருப்பவர்கள் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள், காப்பிக்குத் தண்ணீரைக் கூட்டி வைப்பார்கள். அப்படிப் பொருந்தியவர்கள் ஒருவரையொருவர் 'பொருத்த வீட்டார்' என்று சொல்லிக்கொண்டார்கள், தீபாவளிப் பலகாரம் முதலில் சம்பந்தி வீட்டுக்கா பொருத்த வீட்டுக்கா என்று சண்டையே வந்தது.

காலனியில் எல்லா வீடும் ஒரே அச்சில் கட்டினவைதான், ஆனால் தெற்குப் பார்த்த வீடு கிழக்குப் பார்த்த வீட்டைவிடச் சின்னது என்று குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் சத்தியம் பண்ணுவார்கள். தெற்கு வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். அந்த வீடு ஒருநாள் கால்வட்டம் திரும்பிக் கிழக்கு வீட்டின் மேல் உட்கார்ந்து ஓட்டுக்கு ஓடு பொருந்தியபோது, வாஸ்து பார்க்கிற குற்றாலலிங்கம் தன் பலகையைக் கழற்றிவிட்டு, மறுவாரமே 'பொருத்தம் பார்க்கப்படும்' என்று வேறு பலகை மாட்டிக்கொண்டார், பிழைக்கத் தெரிந்தவர். பேரூராட்சித் தலைவரின் மாளிகை தனக்கு ஜோடி கிடைக்காமல் வீதி வீதியாக அலைந்தது. உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று கான்ட்ராக்டர் சொல்லிக் கொடுத்த வீடாம், தலைவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை. கடைசியில் அது கால்நடை ஆஸ்பத்திரியின் மேல் போய் அச்சுப் பிசகாமல் படிந்தது, தலைவர் தன் பளிங்குக் கூடத்தில் ஒரு சினைப் பசுவோடு முகத்துக்கு முகம் நின்றார். ஊர் சிரித்த சிரிப்பில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்துபோயிற்று. நல்லவேளை, தலைவரும் சிரித்துவிட்டார், பசு அவர் வீட்டிலேயே கன்று போட்டது, அந்தக் கன்றுக்கு அவர்தான் பெயர் வைத்தார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு மட்டும் நகரவில்லை. அது செண்பகவல்லியின் வீடு.

அவளுடைய வீடு என்று சொன்னால் அவள் அக்கா உலகம்மாள் சண்டைக்கு வருவாள். அப்பா இரண்டு பெண்களுக்கும் பொதுவாக விட்டுப்போன வீடு அது. அந்தக் குடும்பத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு, மூத்தது பிரிக்க வேண்டும், இளையது எடுக்க வேண்டும். பிரிக்கிறவருக்கு எடுக்கிற உரிமை இல்லை என்பதால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக நடந்தது. உலகம்மாள் வாசலில் இருந்து கொல்லை வரை சுண்ணாம்பில் நூலடித்துக் கோடு போட்டாள். செண்பகவல்லி தெற்குப் பாதியை எடுத்துக்கொண்டாள். கோட்டின் மேல் கொத்தனார் சுவர் எழுப்பினார். அங்கேதான் வினை வந்தது. கோட்டுக்கு அகலம் கிடையாது, சுவருக்கு முக்கால் அடி அகலம் உண்டு. அந்த முக்கால் அடி யாருடைய பாதியில் நிற்கிறது?

"பிரிச்சவளுக்குத் தெரியாதா? நான் தெக்கதான் எடுப்பேன்னு தெரிஞ்சு சுவரை எம்பக்கம் தள்ளி எழுப்பச் சொல்லிட்டா" என்றாள் செண்பகவல்லி. "அவ கணக்கு டீச்சரு. கணக்குப் போட்டு, சுவர் யார் பக்கம் வரும்னு பாத்துத்தான் எடுத்தா" என்றாள் உலகம்மாள். டேப்பை வைத்து அளந்தால் தீர்ந்துபோகிற விஷயம்தான், ஆனால் அடுத்த பாதியை அளக்க அடுத்த பாதிக்குள் போக வேண்டுமே, போக வேண்டுமென்றால் பேச வேண்டுமே. "உன் மூஞ்சியில முழிச்சுப் பேச மாட்டேன்" என்று இரண்டு பேரும் குலசாமி மேல் சத்தியம் பண்ணியிருந்தார்கள். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சர்வசமம் சொல்லிக்கொடுத்த செண்பகவல்லி, சாயங்காலம் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சுவரைப் பார்த்து ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் கைகால் கழுவப் போவாள்.

அவள் புருஷன் நெல்லையப்பன் பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறவர், சாது. மதினி உலகம்மாள் வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அதிரசம் தின்றுவிட்டு வருவார், வந்து வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்வார். செய்தி கொண்டுவருவதும் அவர்தான். தீபாவளி போய் வந்த தை மாதத்தில் அவர் கொண்டுவந்த செய்தி இனிக்கவில்லை.

"மதினி ஓசூருக்குப் போறாவளாம். மவன் சங்கரபாண்டி வேன் எடுத்துட்டு வந்து மொத்தமா கூட்டிட்டுப் போறானாம். பாதியை யாருக்காவது கொடுத்துட்டு இனி இந்தப் பக்கமே வர மாட்டாவளாம்."

செண்பகவல்லி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "போனா போவட்டும்" என்றாள். சொல்லிவிட்டுச் சரியாக இருந்த ஒரு விடைக்குத் தப்பு போட்டாள், அப்புறம் அதை அடித்துவிட்டு மறுபடி தப்பே போட்டாள். நெல்லையப்பன் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். பேசாமல் இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருக்கிறாள் என்பது வேறு, அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்பது வேறு. சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது, வெளியில் சொல்லவில்லை. தன் பாதி நகர்ந்து போய் அக்கா பாதியின் மேல் ஒரு தடவை பொருந்திவிட்டால் சுவர் வழக்கு தீர்ந்துவிடும், அதோடு ஒரே கூடத்தில் நின்றாக வேண்டும், நின்றால் யாராவது ஒருத்தி வாயைத் திறந்துதானே ஆக வேண்டும். தினமும் காலையில் நிலையைத் தொடாமல் விலகி நின்று பார்த்தாள். அந்தப் பக்கம் உலகம்மாளும் அப்படித்தான் விலகி நின்றாள் என்று நெல்லையப்பன் பிற்பாடு சொன்னார், அதிரசம் தின்ற வாய் பொய் சொல்லாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தெற்குப் பாதி கிளம்பியது. வடக்குப் பாதியும் அதற்கு வழிவிட்டு ஒரு எட்டு விலகி நின்றது, சுவர் மட்டும் வரவில்லை. அது யாரோடும் போகாமல் வெயிலில் தனியாக நின்றது, திறந்துகிடந்த பக்கத்தை மறைக்கச் செண்பகவல்லி தன் சேலைகளை வரிசையாகத் தொங்கவிட்டாள், எதிரே வடக்குப் பாதியில் உலகம்மாளும் அதையே செய்தாள். அந்த வீடு முன்னால் ஒடுக்கம், பின்னால் அகலம். ஒவ்வொரு பாதியிலும் கொல்லைப்புறம் ஒரு சாமான் அறை வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும், அக்காவுடையது வடக்கே, தங்கச்சியுடையது தெற்கே. தெற்குப் பாதி வழுக்கிப் போய் வடக்குப் பாதியின் மேல் உட்காரப் பார்த்தது. சாமான் அறை தெற்கே துருத்திக்கொண்டு நின்றது. பொருந்தவில்லை. விலகி, அரைவட்டம் திரும்பி, மறுபடி உட்காரப் பார்த்தது. இப்போது சாமான் அறை வடக்கே வந்தது, ஆனால் தெருப்பக்கம் வந்துவிட்டது. அதுவும் பொருந்தவில்லை. எப்படி எப்படியோ திரும்பிப் பார்த்துவிட்டு, களைத்துப்போய்ப் பழைய இடத்துக்கே வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது, அந்தப் பக்கம் வடக்குப் பாதியும் அப்படியே.

"ரெண்டும் ஒண்ணு இல்லப்பா" என்றது கூட்டம். "பொருத்தம் இல்லை" என்று குற்றாலலிங்கம் தலையை ஆட்டினார், அவருக்கு அது தொழில். உலகம்மாள் சேலையை உருவி மடித்தபடி, தங்கச்சிக்குக் கேட்கட்டும் என்று, "நான் அப்பவே சொன்னேன், கேட்டியளா? அவ பாதிதான் பெருசு. ஞாயித்துக்கிழமை வேன் வருது, நான் கிளம்புதேன்" என்றாள். செண்பகவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள், கணக்கு டீச்சர் என்றால் அழக்கூடாதா என்ன?

ஆனாலும் அழுகைக்கு நடுவில் ஒன்று அவள் கண்ணிலேயே நின்றது. வெயிலில் தனியாக நின்றபோது அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் தெரிந்ததே, இரண்டிலும் அடுப்புப் புகை ஏறிய கரி ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருந்தது. அவளும் அக்காவும் இத்தனை வருஷமும் ஒரே நேரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு அல்ல, முகத்துக்கு நேர் முகமாக, நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் உண்டு. சர்வசமப் பாடத்தில் கடைசிப் பகுதி பாக்கி இருந்தது. மனசு எங்கேயோ இருந்தாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டி ஒரு வடிவத்தைக் கத்தரித்து, பிரித்துக் காட்டி, மடிப்பிலேயே வெட்டி இரண்டு துண்டாக்கி மேஜை மேல் வைத்தாள். "நகர்த்திப் பாருங்க" என்றாள். முன்பெஞ்சுப் பிள்ளைகள் வந்து நகர்த்தினார்கள், பொருந்தவில்லை. "சுழற்றிப் பாருங்க." சுழற்றினார்கள், பொருந்தவில்லை. செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். அவள் கத்தரித்திருந்த துண்டு முன்னால் ஒடுக்கமாக, பின்னால் அகலமாக, ஓரத்தில் ஒரு சாமான் அறை நீட்டிக்கொண்டு இருந்தது. தன் வீட்டைத்தான் கத்தரித்திருக்கிறாள், பாவி மகள், தெரியாமலே.

ஒரு துண்டை எடுத்துப் புரட்டி இன்னொன்றின் மேல் வைத்தாள். ஒரு நூல் அளவு மிச்சமில்லாமல் பொருந்தியது. ஐயோ, இதைத்தானே வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நகர்த்தவும் சுழற்றவும் காகிதம் மேஜையை விட்டு எழும்ப வேண்டாம், படுத்தமேனிக்கே போகும். புரட்டுவதற்கு மட்டும் அது ஒரு கணம் மேஜையை விட்டு எழுந்தாக வேண்டும். ஊரில் இத்தனை வீடு நகர்ந்தும் ஒரு வீடுகூடத் தரையை விட்டு எழும்பவில்லை. மடிப்பு எங்கே இருந்தது? அக்கா நூலடித்த கோட்டில். மடிப்புக்கு இந்தப் பாதி அந்தப் பாதி என்று உண்டா? சுவர் யார் பக்கமும் நிற்கவில்லை, அது மடிப்பு.

"டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்றாள் முன்பெஞ்சுக்காரி ஒருத்தி.

"எனக்கு ஒண்ணுமில்லட்டி. எங்கக்கா சரியாத்தான் பிரிச்சிருக்கா" என்றாள் செண்பகவல்லி, எட்டாம் வகுப்பு பூராவும் கைதட்டியது, எதற்கென்று அவர்களுக்கே தெரியாது.

சனிக்கிழமை முழுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கணக்கு புரிந்துவிட்டது, ஆனால் புரட்டுவதென்றால் வீடு எழும்ப வேண்டும், இரண்டு பாதியும் சேர்ந்த மடிப்பில் எழும்ப வேண்டும், அதற்கு இரண்டு பேரும் நிலையை விட்டு விலகி நிற்க வேண்டும். அக்காவிடம் கேட்டாக வேண்டும். வன்னிக்குளத்து வீடுகள் ஊரைச் சுற்றுவது சுலபம், செண்பகவல்லிக்குத் தன் வாயைத் திறப்பதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை விடிந்து, வேன் தென்காசி தாண்டிவிட்டது என்று நெல்லையப்பனுக்குப் போன் வந்த பிறகுதான், தோசைக்கல்லை அடுப்பில் போட்டு மாவை ஊற்றிவிட்டு, தோசைத்திருப்பியின் காம்பால் சுவரில் தட்டினாள். அந்தப் பக்கத்திலும் மாவு ஊற்றுகிற சத்தம் கேட்டது, சட்டென்று நின்றது.

"யக்கா."

"யாரு?"

"யாரா? இந்தப் பக்கம் வேற யாரு இருக்கா?"

"மூஞ்சியில முழிச்சுப் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணினியேட்டி" என்றாள் உலகம்மாள்.

"இப்ப சுவத்துல முழிச்சுத்தான் பேசுதேன். சத்தியத்துக்குச் சேதாரமில்ல."

அந்தப் பக்கம் மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது, கேட்காததுபோலவும் இருந்தது. "என்ன வேணும்? வேன் வந்துக்கிட்டிருக்கு, வழியில சாப்பிட நாலு தோசை சுட்டுக்கிட்டிருக்கேன்."

"வெள்ளிக்கிழமை நம்ம வீடு பொருந்தலைன்னு சொன்னாவள்லா, அது தப்பு. பொருந்தும். புரட்டிப் பாக்கலை."

"வீட்டையா? புரட்டவா? ஏட்டி, உனக்குக் கிறுக்கா? பாத்திரம் பண்டமெல்லாம் என்னாவுறது?"

"ஒண்ணும் ஆவாது. மாசானத்து வீட்டுல கடுகுகூடச் சிந்தலை. நீ நிலையைப் பிடிக்காம நின்னா போதும்."

உலகம்மாள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது வளையலை மேலே தள்ளிக்கொள்வாள், அந்தச் சத்தம் செண்பகவல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "சரி. யாரு பாதி யாரு பாதி மேல வரணும்?" என்றாள் கடைசியில். கேட்டாள் பாருங்கள் கேள்வி! வடக்கு வந்து தெற்கின் மேல் விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான், தெற்கு போய் வடக்கின் மேல் விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் அக்கா தங்கச்சிக்கு நடுவில் யார் யாரைத் தேடி வருவது என்பது கணக்கா? இதற்காகத்தானே இத்தனை வருஷம் போயிற்று. செண்பகவல்லி தோசைத்திருப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நானே வாரேங்கா" என்றாள்.

சொல்லி முடிக்கவில்லை, தெற்குப் பாதி எழும்பியது. தரை ஒரு கனமான புத்தகத்தின் பக்கம்போலத் தென்கோடியிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டு வந்தது, அடியில் இத்தனை காலம் வெளிச்சம் படாத மண் முதல்முறையாக வெயிலைப் பார்த்தது, வீதியில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மடிப்பில் இருந்த சுவர் இடத்தை விட்டு அசையவே இல்லை. நியாயமாகப் பார்த்தால் புரண்ட பிறகு கூரை கீழேயும் தரை மேலேயும் போக வேண்டும், ஆனால் செண்பகவல்லி மனசுக்குள் போட்டிருந்தது தரைப்படம், தரைப்படத்தில் கூரை என்று ஒன்று கிடையாது, அதனால் வீடும் அதற்குக் கட்டுப்பட்டுத் தலை நிமிர்ந்தபடியே அந்தப் பக்கம் போய் இறங்கியது. கல்லில் இருந்த தோசை வழியிலேயே தன்னைத் திருப்பிக்கொண்டது. கட்டிலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நெல்லையப்பன், எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடுவதைப் பார்த்து, பேப்பரைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பின்பக்கமாக வாசிக்க ஆரம்பித்தார்.

சாமான் அறை சாமான் அறையின் மேல், ஜன்னல் ஜன்னலின் மேல், அடுப்பு அடுப்பின் மேல். முக்கால் அடி வழக்கு மிச்சமில்லை, நகம் நுழைகிற இடம்கூட மிச்சமில்லை. கரண்டி மாட்டுகிற ஆணி ஒன்றுதான் இருந்தது, அதில் இரண்டு கரண்டி தொங்கியது. அக்காவும் தங்கச்சியும் ஒரே அடுப்புக்கு முன்னால், கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றார்கள். செண்பகவல்லியின் மூக்குத்தி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போயிருந்தது, தோசைத்திருப்பி இடக்கையில் இருந்தது, அதற்குப் பிறகு அவள் கரும்பலகையில் இடக்கையால்தான் எழுதினாள், பிள்ளைகள் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

உலகம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மூஞ்சியில முழிச்சாச்சு, சத்தியம் போச்சு" என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் சரியாத்தாண்டி பிரிச்சேன்" என்றாள்.

"நான் சும்மா வெயில் விழுற பக்கமாப் பாத்துத்தாங்கா எடுத்தேன். கணக்கே போடலை."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், நடுவில் சிரிப்பும் வந்தது, அதற்குள் இரண்டு தோசையும் கருகிப்போயிற்று. நெல்லையப்பன் அதிரசத் தூக்குவாளியை இனி ஒளிந்து திறக்க வேண்டாம் என்ற நிம்மதியில் எல்லாருக்கும் முன்னால் திறந்தார்.

எல்லாப் பொருத்த வீடும் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் விலகிவிடும் என்பதால் ஊர் வெளியில் காத்து நின்றது. இது விலகவில்லை. ஒரு காப்பி முடிந்து இரண்டாவது காப்பியும் முடிந்தது, உள்ளே பேச்சு ஓய்ந்தபாடில்லை, வீடு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. புரண்ட வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாது என்றார் குற்றாலலிங்கம். அவ்வளவு பேச்சுக்கு நடுவில் வீட்டுக்கு எப்படிக் கிளம்ப மனசு வரும் என்றாள் மாசானத்தின் பெண்டாட்டி. தெற்கே வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் அதற்குள் நாலு கோழி வந்து கிளற ஆரம்பித்திருந்தன.

வெயில் ஏறுகிற நேரத்தில் வேன் வந்து நின்றது. சங்கரபாண்டி இறங்கி, இரண்டு வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீட்டைப் பார்த்து, டிரைவரிடம் தெருப் பெயரைச் சரிபார்த்து, பிறகு தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். ஓசூரில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறவன், பாவம், வீடு மாதிரி ஒரு விஷயம் இடம் மாறிப் பார்த்துப் பழக்கமில்லை. "அம்மா, எல்லாம் எடுத்து வச்சாச்சா? கிளம்பலாமா?" என்றான்.

"எங்கலே வைக்கிறது? எது என் பாத்திரம், எது உங்க சித்தி பாத்திரம்னே தெரியலை. என் பாதி எதுன்னு நீ காட்டு, நான் வேன்ல ஏறுதேன்" என்றாள் உலகம்மாள்.

அவன் கூடத்தைப் பார்த்தான், அடுப்படியைப் பார்த்தான், ஒன்றுக்குள் ஒன்றாக நின்ற இரண்டு பீரோவைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். கடைசியில் செண்பகவல்லி பக்கம் திரும்பினான். "சித்தி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. எத்தனை நாளாத் தனியா இருக்காவ அவங்க. எங்கூட அனுப்பி வைங்க."

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். போனா போவட்டும் என்று சொல்லிப் பழகிய வாய் அது, அதைத்தான் சொல்லும் என்று நெல்லையப்பன்கூட பயந்து அதிரசத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"மாட்டேன்" என்றாள். "அனுப்ப மாட்டேண்டே. எனக்கு எங்கக்கா வேணும்."

உலகம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், துடைத்துவிட்டு வளையலை மேலே தள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியால சங்கரா? வேன்காரத் தம்பியையும் உள்ள கூப்பிடு" என்றாள், "மாவு நிறையக் கிடக்கு, எல்லாருமா உக்காந்து சாப்பிடுவோம்."